வெறும் கடதாசி

பழுகாமம்
14.11.2005

தர்சினிக்கு,

சுகம் விசாரித்து எழுதும் கடிதம் அல்ல இது. கல்லடியில் உனக்குத் தகரக் கொட்டில் ஒன்று கிடைத்துவிட்டது, கந்தோர் வேலைக்கும் திரும்பப் போகத் தொடங்கிவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். நல்லது. மிஞ்சியவர்கள் சீவிக்கத்தானே வேண்டும்.

தம்பி ஜெயந்தனின் ஆண்டுத் திவசம் வருகிறது. அதை நான் இங்கே, அவன் பிறந்த வளவில் செய்கிறேன். அவனுக்கு விருப்பமான வேளைக்கீரைச் சுண்டல் ஆக்கிப் படைப்பேன். பெரியப்பாவின் மகன் துசாந்தன் பிண்டம் வைப்பான். நீ வருவதென்றால் வா, தடுக்கமாட்டேன். நிதுர்ஷனை மட்டும் கூட்டிக்கொண்டு வராதே. ஜெயந்தனுக்குப் பிள்ளைமுறை செய்ய ஜெயந்தனின் பிள்ளை வேண்டும்.

கோபத்தில் உளறுகிறேன் என்று நினைக்காதே. சுனாமியாய்க் கடல் அடித்த பிறகு நீங்கள் இரண்டு பேரும் என் வீட்டில் இருந்தபோது, பிள்ளை முட்டைக்கோவாச் சுண்டலைத் துப்பினான். வேளைக்கீரையையும் துப்பினான். மூன்று வயதுப் பிள்ளைகள் கீரையைத் துப்புவது வழமைதான் என்று விட்டிருப்பேன். ஆனால் நான் உயிரியல் படிப்பிக்கிறவள். வகுப்புக்கென்று வைத்திருந்த பி.ரி.சி. கடதாசியில் ஒரு துண்டை எடுத்து அவன் நாக்கில் வைத்தேன். வீடு அதிரக் கத்தினான்.

அந்தக் கடதாசியில் தோய்த்திருக்கும் இரசாயனம் சிலருக்குச் சகிக்க முடியாத கசப்பு. சிலருக்கு ஒன்றுமே தெரியாது. அது கசக்கிறவர்களுக்குக் கோவாவும் வேளைக்கீரையும் கசக்கும். அந்தக் கசப்பைப் பிடிக்கும் வாங்கி ஒன்று நாக்கில் இருக்கிறது. அது வேலை செய்யுமா இல்லையா என்பது தாய் தகப்பனிடமிருந்து வரும் பரம்பரையலகைப் பொறுத்தது. அந்தப் பரம்பரையலகையும் இப்போது கண்டுபிடித்துவிட்டார்கள். கசப்புத் தெரிவது ஆட்சியுள்ள இயல்பு, தெரியாமலிருப்பது பின்னிடைவான இயல்பு. கசப்புத் தெரியாத இரண்டு பேருக்குக் கசப்புத் தெரிந்த பிள்ளை பிறக்காது.

உங்கள் கலியாணம் முடிந்து முதன்முதல் இங்கே விருந்துக்கு வந்த அன்று, நாங்கள் மூன்று பேரும் இதே கடதாசியை நாக்கில் வைத்துப் பார்த்தோம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உனக்கும் தெரியவில்லை. தம்பி சப்பிப் பார்த்துவிட்டு, "வெறும் கடதாசி அக்கா" என்றான். நீ பக்கத்தில்தான் இருந்தாய். அப்படியென்றால் நிதுர்ஷனின் நாக்கு யாருடைய நாக்கு?

எங்கள் ஆட்கள் வயல்காரர். ஒருவரும் கடலோரத்தில் வாழ்ந்ததில்லை. உன் சீதன வீட்டுக்கு வந்ததால்தான் தம்பி கடலுக்குப் பக்கத்தில் கிடந்தான். உன்னையும் பிள்ளையையும் அடுத்த வீட்டு மாடியில் ஏற்றிவிட்டு, உன் அம்மாவைத் தூக்கிவரத் திரும்ப இறங்கினான். அவ்வளவுதான். அவன் உயிரை உன் வீடு எடுத்தது. அவன் பெயரையும் எடுக்க விடமாட்டேன். சொந்தக்காரர் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன்.

இராசாத்தி


கல்லடி
02.12.2005

மச்சாளுக்கு,

உங்கள் கடிதத்தைக் கந்தோரில் வைத்துப் பிரித்தேன். பக்கத்துக் கதிரையில் இருக்கும் ஹிதாயா என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், "ஆரும் மௌத்தா?" என்று கேட்டா. "ஓம், ஒரு ஆள் இண்டைக்குச் செத்துட்டா" என்றேன். அது நீங்கள்தான்.

தகப்பனைப் பறிகொடுத்து ஒரு மாதம் ஆகாத குழந்தையின் வாயில் கசப்பை வைத்துப் பரிசோதித்திருக்கிறீர்கள். அவன் கத்திய கத்தல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் கிணற்றடியிலிருந்து ஓடிவந்தேன். "எறும்பு கடிச்சிட்டுப் போல" என்றீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் அவனைத் தூக்கவேயில்லை. தம்பியை நினைத்து உடைந்துபோய் இருக்கிறீர்கள் என்று நான்தான் உங்களுக்காகப் பரிதாபப்பட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. நீண்ட பதில்கூட அல்ல. ஆனால் அது உங்கள் தம்பியுடையது. "அக்காவுக்கு மட்டும் சொல்லிப்போடாத" என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார். நீங்கள் ஊர் முழுக்க என்னை வேசை என்று சொல்லித் திரிந்தாலும் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றுவேன் என்றுதான் கடிதத்தை மடித்தபோது நினைத்தேன். வீட்டுக்கு வந்து நித்திரையாய்க் கிடந்த பிள்ளையின் முகத்தைப் பார்த்த பிறகு அப்படி நினைக்கவில்லை.

இன்றைக்குச் சொல்லமாட்டேன். இன்றைக்கு உங்களுக்கு வீடு இருக்கிறது, வயல் இருக்கிறது, தம்பிக்காக நியாயம் கேட்கிறேன் என்ற பெருமை இருக்கிறது. இப்போது சொன்னால் உங்களுக்கு அவ்வளவாக நோகாது. உங்களிடம் ஒன்றும் மிச்சமில்லாமல் போகும் ஒரு நாள் வரும். அன்றைக்குச் சொல்லுகிறேன்.

திவசத்தை நீங்கள் அங்கே செய்யுங்கள். அவருடைய மகன் அவருக்கு இங்கே, கல்லடிக் கடற்கரையில் செய்வான். யார் கையால் வாங்குவது என்று அவருக்குத் தெரியும்.

தர்சினி


முகாம், களுவாஞ்சிகுடிப் பக்கம்
18.04.2007

தர்சினிக்கு,

படுவான்கரை முழுக்க இடம்பெயர்ந்துவிட்டது என்று கேள்விப்பட்டிருப்பாய். ஷெல் விழத் தொடங்கியதும் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டோம். விளைந்த வட்டைக்குள்ளால் வயலை மிதித்துக்கொண்டு நடந்து, பட்டிருப்புப் பாலத்தால் வாவியைக் கடந்து இந்தக் கரைக்கு வந்தோம். இப்போது ஒரு தறப்பாளின் கீழ் நாலு குடும்பம் இருக்கிறோம். துசாந்தன் ஆட்கள் வேறு முகாமில். வீடு இருக்கிறதா இல்லையா என்று தெரியாது.

உன்னிடம் தங்க இடம் கேட்கவில்லை. சோறும் கேட்கவில்லை. தம்பியின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றாமல் வந்துவிட்டேன். அவசரத்தில் அடையாள அட்டையையும் பொன்னாங்காணி பிடுங்கிவைத்த பையையும் தூக்கியிருக்கிறேன், அவனை விட்டுவிட்டேன். இந்தச் சனத்துக்குள் இருக்கையில் சில நேரம் அவன் முகம் சரியாக வருவதில்லை. மூக்கு வருகிறது, நெற்றி வருகிறது, மற்றது வருவதில்லை. உன்னிடம் படம் ஏதும் இருந்தால் பிரதி எடுத்து அனுப்பு.

இதைக் கேட்பதால் முன்பு எழுதியதை மாற்றிக்கொண்டேன் என்று எண்ணாதே. என் நிலைமை மாறியதற்காக விஞ்ஞானம் மாறாது.

இராசாத்தி


கல்லடி
29.04.2007

மச்சாளுக்கு,

எங்கள் வீட்டில் இருந்த படங்களைக் கடல் கொண்டுபோனது. அடையாள அட்டைக்கென்று அவர் எடுத்த ஒன்று மட்டும் என் கைப்பையில் இருந்து தப்பியது. அது இப்போது நிதுர்ஷனின் சொத்து. நீங்கள் தகப்பன் இல்லை என்று சொன்ன பிள்ளையிடமிருந்து தகப்பனின் படத்தை வாங்கி உங்களுக்கு அனுப்பமாட்டேன்.

ஆனால் முகம்தானே கேட்கிறீர்கள். அவருடைய முகம் ஒன்று என்னிடம் இருக்கிறது. நீங்கள் ஒரு நாளும் பார்த்திராத முகம். அதைத் தருகிறேன்.

அந்த விருந்து நாளில் கடதாசித் துண்டை எங்கள் நாக்கில் வைத்துவிட்டு நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், வந்தவளுக்குக் கசக்கிறதா என்று. நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. ஒரு தரம் விழுங்கினார். பிறகு உங்கள் பக்கம் கிறுகிச் சிரித்து, "வெறும் கடதாசி அக்கா" என்றார். நீங்கள் கைதட்டி, எல்லாரும் ஒரே மாதிரி என்று சந்தோசப்பட்டீர்கள். அவர் கிணற்றடிக்குப் போனார். நானும் பின்னால் போனேன். வாயைக் கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்பினார். "சீனி கிடந்தாக் கொஞ்சம் எடுத்துட்டு வா கா, கெதியா" என்றார். உங்கள் குசினியில், உங்கள் சீனிப் போத்தலில் இருந்து அள்ளிக்கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை.

"எழுபத்தெட்டுச் சூறாவளியில அம்மா செத்துட்டா. அப்பா எழும்ப ஏலாமக் கிடந்தார். எனக்கு ஆறு வயசு. அக்காவும் சின்னப் புள்ளதான். வீட்டுல ஒண்டும் இல்ல. அக்கா வட்டைக் கரையில முளைச்ச வேளைக்கீரையைப் புடுங்கிட்டு வந்து சுண்டித் தந்தா. வாயில வைக்க ஏலாத கசப்பு. துப்பிப்போட்டன். அக்கா மூலைக்க போய் இருந்து அழுதா. மறுகா நாள் நான் கசக்கல்ல அக்கா எண்டு சொல்லிட்டுத் திண்டன். அவ நம்பிட்டா. அவக்குக் கசப்புத் தெரியாது, அவ ருசியாத்தான் திண்டா. எனக்கு விருப்பம் எண்டு நினைச்சு அதுக்குப் பொறகு எந்த நாளும் அதுதான். இப்ப போய் இந்தக் கடதாசி கசக்குது எண்டா, அவ்வளவு காலமும் தம்பிக்கு என்னத்த ஊட்டித் தீத்தினன் எண்டு யோசிப்பா. அத அவ தாங்கமாட்டா. நீ அக்காவுக்கு மட்டும் சொல்லிப்போடாத."

கல்லடி வீட்டில் கோவா வாங்கியதே இல்லை, தெரியுமா? எனக்குக் கசப்புத் தெரியாது, அவருக்குத் தெரியும். என்னிடம் அவர் பொய் சொல்லவில்லை.

இனி உங்கள் விதிப்படியே கணக்குப் பாருங்கள். தகப்பனுக்குத் தெரியும், தாய்க்குத் தெரியாது. பிள்ளை எப்படியும் பிறக்கலாம். உங்கள் வகுப்பில் கடைசி வாங்கில் இருப்பவர்களும் இதைச் சரியாகச் செய்வார்கள். நிதுர்ஷனின் நாக்கு அவன் அப்பாவின் நாக்கு. உங்கள்மேல் வைத்த பாசத்தில் தம்பி சொன்ன பொய்யை எடுத்து, அதாலேயே அவன் பிள்ளையை அடித்துத் துரத்தினீர்கள். பிறகு திவசத்துக்கு அதே வேளைக்கீரையைப் படைத்திருக்கிறீர்கள். செத்த பிறகும் அந்த மனிசனை விடவில்லை.

முகாமில் பொழுது போகாது என்பார்கள். இருந்து யோசியுங்கள். ஆக்கிக் கொடுத்த ஒவ்வொரு சட்டியையும் நினைத்துப் பாருங்கள். நான் சத்தியத்தை மீறிவிட்டேன். அதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்பேன், உங்களிடம் அல்ல.

தர்சினி


பழுகாமம்
21.06.2009

தர்சினிக்கு,

உன் கடிதத்துக்கு இவ்வளவு காலமும் பதில் எழுதவில்லை. சண்டை முடிந்துவிட்டது என்று ரேடியோவில் சொல்கிறார்கள். டவுனில் வெடி கொளுத்தினார்களாம். முடிந்தது என்று சொல்ல அவர்களுக்கு ஒரு நாள் இருக்கிறது. எனக்கு அப்படி ஒரு நாள் வரவில்லை.

முகாமிலிருந்து திரும்பி வந்தபோது வீட்டின் ஒரு பக்கச் சுவர்தான் நின்றது. தம்பியின் படம் மாட்டிய ஆணி அந்தச் சுவரில் இருந்தது, படம் இல்லை. கூரை போட்டுக்கொண்டு இருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்கும் போகிறேன். பி.ரி.சி. கடதாசியைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை, படம் கீறிக் காட்டுகிறேன்.

யார் யாரிடம் சொன்னேனோ அவர்கள் எல்லாரிடமும் போனேன். நான் சொன்னது பிழை, நிதுர்ஷன் ஜெயந்தனின் பிள்ளைதான் என்றேன். பெரியம்மா சீதேவிப்பிள்ளை வெத்திலையைத் துப்பிவிட்டு, "விஞ்ஞானம் எண்டியே கா, அது இப்ப எங்க போய்ட்டு?" என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டா. தம்பி பொய் சொல்லிப்போட்டான் பெரியம்மா என்றேன். அவர்களுக்கு விளங்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்கிறேன். தம்பி பொய் சொல்லாமல் இருந்திருந்தாலும் நான் செய்தது பிழைதான். அந்தப் பரம்பரையலகு பல வடிவங்களில் இருக்கிறது. அரைகுறையாகக் கசப்புத் தெரிகிறவர்களும் இருக்கிறார்கள். புத்தகத்தில் இருக்கிற அளவுக்கு அது நேரான விதி அல்ல. ஒரு கடதாசித் துண்டை வைத்து ஒரு பிள்ளையின் தகப்பனைத் தீர்மானிக்க முடியாது. நான் இதைத் தேடி வாசித்திருக்கலாம். எனக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது உண்மை அல்ல, உன்னை அடிக்க ஒரு தடி.

ஆனால் உன்னையும் நான் மன்னிக்கவில்லை. அந்தப் பதிலை முதல் கடிதத்திலேயே தந்திருந்தால் நான் அன்றே ஓடிவந்து பிள்ளையைத் தூக்கியிருப்பேன். நாலு குடும்பத்துக்கு நடுவே, வாய்விட்டு அழவும் இடமில்லாத நேரம் பார்த்துத் தந்தாய். அந்தக் கடிதத்தைப் படித்த பிறகு முகாமில் தந்த பருப்பும் எனக்கு இறங்கவில்லை. திருப்பி அடிக்கத் தெரிந்தவள் நீ.

இந்த வருடம் தம்பிக்குப் பிண்டம் வைக்க நிதுர்ஷனை அனுப்பு.

இராசாத்தி


கல்லடி
30.11.2009

மச்சாளுக்கு,

ஓம், நேரம் பார்த்துத்தான் தந்தேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை. என் பிள்ளையைக் கோயில் வாசலில் பார்த்துக் குசுகுசுத்தவர்களின் முகங்களை நான் இன்னும் மறக்கவில்லை. நீங்கள் வீடு வீடாகப் போய்ச் சொன்னதை நம்புகிறேன். ஆனால் முதலில் சொன்னது பறந்துபோன வேகத்துக்கு இரண்டாவது சொன்னது நடந்துகூடப் போகாது.

நிதுர்ஷனை அனுப்புகிறேன். அவனுக்குத் தகப்பனின் வளவைப் பார்க்க ஆசை. நான் வரமாட்டேன். துசாந்தன் வந்து கூட்டிக்கொண்டு போகட்டும்.

ஒரு நிபந்தனை இருக்கிறது. வழமைபோல வேளைக்கீரை ஆக்குங்கள். படைத்து முடிந்த பிறகு அதை நிதுர்ஷனின் இலையில் உங்கள் கையால் வையுங்கள். எட்டு வயதாகிவிட்டது, ஆனாலும் கோவா மணம் வந்தால் எழும்பிப் போய்விடுவான். கட்டாயம் துப்புவான். முகத்தைத் திருப்பாமல் பார்த்துக்கொண்டு இருங்கள். உங்கள் தம்பி ஆறு வயதிலிருந்து உங்களுக்குக் காட்டாமல் மறைத்தது அதைத்தான். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

தர்சினி


பழுகாமம்
06.01.2010

தர்சினிக்கு,

நீ கேட்டபடி செய்தேன்.

பிள்ளை நனைந்த வேட்டியோடு இருந்து, ஐயர் சொல்லச் சொல்ல ஒன்றும் பிசகாமல் பிண்டம் வைத்தான். தகப்பனின் பெயரைச் சொல்லச் சொன்னபோது குரலை உயர்த்தி, சபை முழுக்கக் கேட்க அந்தப் பெயரைச் சொன்னான். பெரியம்மா மூக்கைச் சீறினா. நான் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவன் அதைக் கண்டுவிட்டான்.

பிறகு இலை போட்டோம். கீரைச் சட்டியைத் தூக்கினேன். வைக்காமல் விட்டுவிட்டு வைத்தேன் என்று உனக்கு எழுதலாமா என்றும் நினைத்தேன். இந்தக் குடும்பத்தில் கீரைக்காகச் சொன்ன பொய் போதும் என்று வைத்தேன்.

ஒரு வாய் எடுத்துப் போட்டான். கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. நீ எழுதியிருந்த அதே முகம். நான் கையை ஏந்திக்கொண்டு குனிந்தேன். "துப்பு மனே, மாமிட கையில துப்பு" என்றேன். அவன் என் முகத்தையே பார்த்தான். விழுங்கினான்.

"கசக்கல்ல மாமி" என்றான்.

இலையில் இருந்ததை வழித்து எல்லாவற்றையும் தின்றான். நான் வேண்டாம் வேண்டாம் என்கிறேன், கேட்கவில்லை. நீ சொல்லிக்கொடுத்து அனுப்பவில்லை என்று எனக்குத் தெரியும். உனக்கு வேண்டியிருந்தது அவன் துப்புவது. துப்பியிருந்தால் எனக்கும் ஆறுதலாக இருந்திருக்கும், உனக்குத் தர வேண்டியதைத் தந்து தீர்த்தேன் என்று இருந்திருப்பேன்.

அவன் போன பிறகு வளவு முழுக்க முளைத்திருந்த வேளையை வேரோடு பிடுங்கி எறிந்தேன். இனி இந்த வீட்டில் அது ஆக்குவதில்லை.

இராசாத்தி


கல்லடி
15.01.2010

மச்சாளுக்கு,

உங்கள் கடிதம் வர முன்னமே எனக்குத் தெரியும்.

துசாந்தன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டதும் பிள்ளை செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேரே குசினிக்கு ஓடினான். சீனிப் போத்தலைத் திறந்து கையால் அள்ளி வாய்க்குள் போட்டான். இன்னும் ஒரு தரம் அள்ளினான். நான் கதவடியில் நின்றதைக் கண்டதும் திடுக்கிட்டுப் போனான். வாயெல்லாம் சீனி.

"அம்மா, மாமிக்குச் சொல்லிப்போடாதீங்க" என்றான்.

சொல்லமாட்டேன் என்று அவன் கையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன். இந்தச் சத்தியத்தையும் மீறிவிட்டேன்.

உங்கள்மேல் உள்ள கோபம் போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை. அவருடைய படத்தைப் பெரிதாக்கிப் பிரதி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன், அந்த ஆணியில் மாட்டுங்கள்.

தர்சினி